மூன்று இடத்தில் பூட்டு

"கதை நல்லாருக்கு தம்பி, அடுத்த வாரமே போட்டுடலாம்" என்றார் பத்திரிகை ஆசிரியர் சிதம்பரநாதன். எதிரே ராமதாஸ் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புருஷன் பொண்டாட்டி மேல உயிரையே வச்சிருக்கான்னு எழுதியிருக்கீங்க. ஆனா மூணு இடத்துல பூட்டு வருது. மூணு தடவையும் கதவுக்கு வெளியிலதான் தொங்குது. இது காதல் கதை இல்ல, சிறைக் கதை. அந்தப் பூட்டே சொல்லிடுச்சு."

"அது சும்மா எழுதுனதுதான் லா, அண்ணே."

"ஏன் இப்படி வேர்க்குது? என்ன அவசரம்?"

"பொண்டாட்டி வீட்டுல தனியா இருக்கா. கப்பல விட்டு இறங்கிப் பத்து நாள்தான் ஆவுது. பினாங்கு அவளுக்குப் புதுசு."

"உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கச் சொன்னீங்கல்ல?"

ராமதாஸின் கை சட்டைப் பைக்குள் போய், வீட்டு வெளிப்பூட்டின் ஒரே சாவியை இறுகப் பற்றியது.