பவளாவும் அந்த வலையும்

மீன் காட்சியகத்தில் காட்சி மணி அடித்தாலே பவளா என்ற பெண் கடற்சிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். வராதா பின்னே? வலை இறுக்கிக் கழுத்து அறுபட்டுக் கிடந்தவளைக் கடலிலிருந்து மீட்டு வந்தார்கள். சரி, நல்ல காரியம்தான். காயமும் ஆறிவிட்டது. ஆனால் தினமும் காட்சியில் பயிற்சியாளர் அதே வலையை அவள் கழுத்தில் மாட்டுவார், பிறகு பதறியடித்து ஓடிவந்து கழற்றுவார். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். பவளா துடுப்புக் கையைத் தூக்கிக் கும்பிட வேண்டும்.

"காப்பாத்தினது ஒரே ஒரு தடவை. கழுத்துல மாட்டினது எத்தனை தடவை?" என்று சீறினாள்.

தொட்டியில் அவளோடு இருந்த கிழட்டுக் கடற்சிங்கம் தொப்பையன், மீனை விழுங்கிக்கொண்டே சொன்னான். "வேளாவேளைக்கு மீன் வருதில்ல? தலையைக் கொடுத்தோமா, கும்பிடு போட்டோமான்னு இரு."

அன்றைய காட்சியில் பவளா தலையைக் கொடுக்கவில்லை. வலையைப் பயிற்சியாளரின் கையிலிருந்து பிடுங்கி, பல்லால் நார்நாராகக் கிழித்தாள். கூட்டத்தைப் பார்த்து அடித்தொண்டையிலிருந்து கத்தினாள்.

கைதட்டல் அரங்கத்தின் கூரையைப் பிய்த்தது. "ஒன்ஸ்மோர்!" என்று எவனோ விசிலடித்தான்.

மறுநாள் பயிற்சியாளர், கிழிப்பதற்கென்றே ஒரு புது வலையோடு வந்து நின்றார். ஒலிபெருக்கி உற்சாகமாக அறிவித்தது: "அடுத்ததா, நம்ம பவளா கோபப்படப் போறா!"

பவளா அசையவில்லை. தொப்பையன் பின்னாலிருந்து அவளை முட்டினான்.

"சட்டுனு கோபப்படு பவளா. மீன் வாளி வந்தாச்சு."