பத்து ஓட்டை, நாலு ஆணி

"கிழம் வந்துடுச்சு" என்றான் ஏணி மேல் நின்றவன்.

வெர்னா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று வாரமாக இதே கூத்துதான்.

போன வருஷப் புயலில் கூரை பறந்த வீடுகளை அவளுடைய தொண்டு நிறுவனம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது. வெர்னாதான் மேஸ்திரி. வேலை செய்பவர்கள் வெளியூர் சர்ச்சுகளிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்தவர்கள். ஒரு டாலர் கூலி வாங்காமல் உழைக்கிறவர்களைத்தான், எதிர் மனையில் டிரெய்லர் வண்டி வீட்டில் குடியிருக்கும் அல்சீட் பெரியவர் ஒரு நாள் விடாமல் நொட்டை சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்றைக்குக் கையில் டார்ச் வேறு.

"ஏம்மா, கூரைக் கைமரத்தைச் சுவரோட சேர்த்துப் பிடிக்கிற இரும்புப் பட்டையில எத்தனை ஓட்டை?"

"பத்து. ஏன்?"

"உன் ஆளுங்க நாலு ஆணிதான் அடிச்சிருக்காங்க. நீங்க சாப்பிடப் போனப்ப பரண் மேல ஏறிப் பார்த்தேன். வடக்குப் பக்கம் பூரா அப்படித்தான். சீலிங்கைப் பிரி."

"விளையாடறீங்களா? சீலிங் போட்டு பெயிண்டும் அடிச்சாச்சு. பில்டிங் இன்ஸ்பெக்டர் பார்த்துட்டுக் கையெழுத்தும் போட்டுட்டார்."

"இன்ஸ்பெக்டர் ஏணியில ஏறினாரா?"

ஏறவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. அது வெர்னாவுக்கும் தெரியும்.

வீட்டுக்காரி கமீல் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"பெரியவரே, நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? பதினாறு மாசமா ரெண்டு பிள்ளைங்களோட கவர்மெண்டு குடுத்த டிரெய்லர்ல கெடக்கேன். பூஞ்சை வாடையில சின்னவளுக்கு மூச்சு இழுக்குது. சனிக்கிழமை சாவி தர்றோம்னு சொல்லியிருக்காங்க. இப்பப் பிரிச்சா இவங்க ஊருக்குப் போயிடுவாங்க, அடுத்த கூட்டம் மார்ச்சுலதான் வரும்."

"அப்ப மார்ச்சுல குடி போ."

அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார். பிறகு வெர்னாவிடம், "இன்னிக்குப் பிரிக்கலேன்னா நாளைக்கு இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு நானே போன் போடுவேன்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

"வயித்தெரிச்சல்" என்றான் ஏணிக்காரன். "தனக்கு வீடு கட்டித் தரலேன்னு."

"கட்டித் தர்றோம்னு நானே ரெண்டு தடவை போய்க் கேட்டேன். வேண்டாம்னுட்டாரு. தானும் படுக்க மாட்டாரு, தள்ளியும் படுக்க மாட்டாரு" என்றாள் வெர்னா.

கமீல் அழுதுகொண்டே சொன்னாள்: "அந்தப் புயல்ல அவரு மக லூசிலும் பேத்தியும் போயிட்டாங்க. நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்து எட்டு வருஷம் ஆச்சு, அந்த லூசில் எனக்குக் கூடப்பிறந்தவ மாதிரி. அதனாலதான் இத்தனை நாள் பொறுத்துக்கிட்டேன். தன் பிள்ளை போயிடுச்சுன்னு என் பிள்ளைங்களையும் வாழ விடமாட்டேங்கிறாரே, இது அடுக்குமா?"

வெர்னாவுக்குச் சுர்ரென்று ஏறியது. விறுவிறுவென்று தெருவைத் தாண்டிப் போனாள்.

வீடு இருந்த இடத்தில் வெறும் சிமெண்டுத் தளம். அதன் விளிம்பில் உட்கார்ந்து பெரியவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னோட மல்லுக்கு நில்லுங்க, பரவாயில்லை. அந்தப் பிள்ளைங்க வயித்துல அடிக்காதீங்க. நாலு ஆணி தாங்கும் ஐயா."

"யாரு சொன்னது?"

"நான்தான் சொன்னேன். அன்னிக்கு மழை இருட்டிக்கிட்டு வந்துச்சு. பசங்களும் களைச்சுப் போயிருந்தாங்க. போதும், மேல வேலையைப் பாருங்கன்னேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பெரியவர் கோபப்படவில்லை. "அவனும் அப்படித்தான் சொன்னான்" என்றார்.

"எவன்?"

"இங்க இருந்த வீட்டைக் கட்டின தச்சன். மறுநாள் லூசில் குடி போகணும். சாயங்காலம் ஆயிடுச்சு, கையும் வலிக்குது. சீலிங்கை மூடிட்டா எவன் பார்க்கப் போறான்னு நாலே ஆணியோட விட்டுட்டான். பதினேழு வருஷம் ஒண்ணும் ஆகலை. எத்தனையோ காத்து வந்துச்சு, போச்சு. போன வருஷம் வந்த காத்து கூரையை அப்படியே தூக்கிருச்சு. பிடிக்கக் கூரை இல்லாம சுவரு உள்பக்கம் சாஞ்சுது. இந்த ஓரத்துலதான் ரெண்டு பேரையும் எடுத்தோம். பேத்தி அவ அம்மா இடுப்பைக் கட்டிக்கிட்டு இருந்தா."

வெர்னா அப்படியே தளத்தில் உட்கார்ந்துவிட்டாள். எதிரே கமீலின் புது வீட்டுக் கூரை வெயிலில் அழகாகத்தான் இருந்தது.

போனை எடுத்தாள்.

"கடப்பாரையை எடுங்க. வடக்குப் பக்கச் சீலிங்கைப் பிரிங்க... ஆமா, முழுசாத்தான். கமீல்கிட்ட நானே வந்து சொல்றேன்."

தெருவுக்கு அந்தப் பக்கம் கமீல் கத்துவது இங்கே வரை கேட்டது. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெர்னா மெல்லக் கேட்டாள்: "அந்தப் பாவி இப்ப எங்க இருக்கான்? நீங்க அவனை ஒண்ணும் பண்ணலையா?"

"எங்கேயும் போகலை, இங்கதான் கிடக்கான்" என்றார் அல்சீட். "தினமும் காலையில கண்ணாடி முன்னால நின்னு நான்தான் அவனுக்குச் சவரம் பண்ணிவிடறேன்."