நீளம் பூஜ்யம்

கோப்பு மறுபடியும் திறக்கவில்லை.

நீளம் பூஜ்யம் என்று காட்டியது. உள்ளே ஒலி எதுவும் இல்லை என்று பொருள்.

ஆனால் பிடித்திருந்த இடத்தைப் பார்த்தால் கோப்பு கனமாக இருந்தது.

ஜெசிந்தாவுக்குப் பக்கத்து நாற்காலியில் மதினி, பெரிய அண்ணனின் மனைவி, உட்கார்ந்திருந்தாள். அவள் திரையைப் பார்க்கவில்லை. விசைகளைத் தட்டும் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புயலன்று பெரிய அண்ணன் கஸ்பாரின் படகு தூத்துக்குடிக்குத் திரும்பவில்லை. சில பலகைகள் மட்டும் கரை ஒதுங்கின. படகுகளின் வயர்லெஸ் பேச்சையெல்லாம் மீனவர் சங்கத்து அறையில் ஒரு கம்ப்யூட்டர் பதிவு செய்துகொண்டிருந்தது. பாதியில் கரண்ட் போய்விட்டது. முடிக்கப்படாத கோப்பு. யாராலும் திறக்க முடியாமல், ஒரு பென்டிரைவில் போட்டு வீட்டுக்கே கொடுத்துவிட்டார்கள்.

சின்ன அண்ணன் ரெமியும் அன்று கடலில்தான் இருந்தான். வேறொரு படகில். அவன் கரை சேர்ந்துவிட்டான். வயர்லெஸ் செட் வேலை செய்யவில்லை, அண்ணன் கூப்பிட்டது எதுவும் கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னான்.

இப்போது வாசலில், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"கடைசியா யாரையாவது கூப்பிட்டாரான்னு மட்டும் பாரு ஜெசிந்தா," என்றாள் மதினி. "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

ஜெசிந்தா யோசித்தாள்.

கோப்பின் தலைப்பகுதிதான் பூஜ்யம் என்கிறது. நீளத்தைக் கடைசியில்தான் அங்கே எழுதுவார்கள். எழுதுவதற்குள் கரண்ட் போய்விட்டது.

அப்படியென்றால் தலைப்பகுதியைப் படிக்கவே வேண்டாம்.

ஒரு நிரல் எழுதி, முதல் நாற்பத்து நான்கு பைட்களைத் தாண்டச் சொன்னாள். மீதியை இரண்டிரண்டாகச் சேர்த்து, எண்களாக்கி, நினைவகத்தில் ஏற்றச் சொன்னாள். சின்ன நிரல்தான்.

எண்கள் வந்தன.

பூஜ்யத்தை ஒட்டிச் சிறு சிறு எண்கள். காற்று.

பிறகு, திடீரென்று பெரிய எண்கள்.

குரல்.

ஹெட்போனைத் தன் காதில் மாட்டிக்கொண்டாள்.

"ஏல ரெமி. எஞ்சின் நின்னுபோச்சு. தண்ணி ஏறுதுல. வந்துரு."

இரைச்சல்.

"அண்ணே, வர முடியலண்ணே. திருப்புனா நாங்களும் கவுந்துருவோம். ஏழு பேரு இருக்கோம்ண்ணே."

ரெமி அழுதுகொண்டே பேசினான்.

இரைச்சல். நீண்ட இரைச்சல்.

"சரி. நீ வராத. கரைக்குப் போ. நான் கூப்பிட்டேன்னு உன் மதினிகிட்ட சொல்லிராத. செட்டு வேலை செய்யலன்னு சொல்லு."

அதற்குப் பிறகு கஸ்பார் பேசவில்லை. ரெமிதான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அண்ணே, அண்ணே என்று, கரண்ட் போகும்வரை.

மதினி அவள் கையைப் பிடித்தாள்.

"என்ன கேக்கு?"

ஜெசிந்தா வாசலைப் பார்த்தாள். ரெமி திரும்பவில்லை.

"காத்துதான் மதினி."

"அவர் இல்லையா?"

"இல்ல."

மதினி தலையசைத்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"அந்தக் காத்தையாவது குடு."

ஜெசிந்தாவின் விரல்கள் ஒருமுறை தவறாகத் தட்டின. அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். தொடக்கத்திலிருந்து, குரல் வருவதற்குச் சற்று முன்வரை வெட்டி எடுத்தாள். மிகச் சின்னத் துண்டு. திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்தாள்.

மதினி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். துண்டு முடிந்து மறுபடி தொடங்குவது அவளுக்குத் தெரியவில்லை. அழவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

மீதி எண்கள் இன்னும் நினைவகத்தில் இருந்தன. ஜெசிந்தா அவற்றைச் சேமிக்கவில்லை. அழிக்கவும் இல்லை.

மதினி ஹெட்போனைக் கழற்றி வாசல் பக்கம் நீட்டினாள்.

"தம்பி, நீயும் வந்து கேளு. உங்க அண்ணன் இருந்த எடத்துக் காத்து."

ரெமி எழுந்து வந்தான். தங்கையின் முகத்தைப் பார்த்தான். அவள் திரையைப் பார்த்தாள்.

அவன் தரையில் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டான். மதினி அவன் தலையில் கை வைத்தாள்.

காற்று ஓடியது.

துண்டு முடியும் இடத்தில், அண்ணன் குரல் வந்திருக்க வேண்டிய இடத்தில், அவன் தோள்கள் இறுகின.

மறுபடியும் காற்று.

மறுபடியும், அதே இடத்தில், இறுகின.

அவன் கழற்றவில்லை.