நீலப் பொட்டு

ஊர்க்கூட்டத்தில் வீட்டுக்கு ஒரு நீல ஸ்டிக்கர் பொட்டு கொடுத்தார்கள். கடல் தண்ணீர் ஏறும் இடம் எதுவோ, அங்கே ஒட்டவேண்டும்.

சுவரில் எங்கள் ஊர் வரைபடம். பக்கத்தில் மாநில அரசு தலைநகரிலிருந்து அனுப்பிய அதிகாரிப் பெண் கெண்ட்ரா. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தானாம்.

"எந்தத் தெருவுல பொட்டு அதிகமோ, அதை உயர்த்த அரசாங்கம் பணம் தரும். இந்தப் படத்தை இணையத்துலயும் போட்டுடுவோம்."

கடைசியில் சொன்னதுதான் எங்களுக்கு இடித்தது. வீடு வாங்க வருகிறவர்களும் அதைப் பார்ப்பார்களே.

கிளாம் தெருவில் ஒன்பது வீடுகள். ஐந்தின் வாசலில் விற்பனைப் பலகை. ஒன்று என்னுடையது. அதை விற்றால்தான் நானும் என் மனைவி ஆர்லீனும் மலைப்பக்கம் மகள் ஊருக்குப் போகமுடியும். அரசாங்கம் தெருவைத் தூக்குவதற்குள் எங்களைத் தூக்கிவிடுவார்கள்.

கூட்டத்தில் கொடுத்த சிங்கி இறால் சூப்பை ஒரு கை பார்த்தோம். பொட்டை யாரும் தொடவில்லை. மேட்டுத்தெரு வெண்டல் மட்டும் எழுந்துபோய், தன்னுடையதை நடுக்கடலில் ஒட்டினான்.

"தண்ணி இங்க இருக்கு. என் கண்ணால பார்த்தேன்."

கெண்ட்ராவும் சிரித்துவிட்டாள். "கிளாம் தெரு முங்கும்னு எங்க கம்ப்யூட்டர் சொல்லுது. ஆனா ஊர்க்காரங்களுக்குத் தெரியாததா அதுக்குத் தெரிஞ்சிடப்போகுது?"

அரசாங்கத்தில் இப்படி ஒரு தங்கமான பெண்ணா என்று பூரித்துப்போனேன்.

அவள் நேராக எங்கள் மேசைக்கு வந்தாள்.

"மெர்ல் சார், பதினாலாம் நம்பர் உங்க வீடுதானே? நான் இந்த ஊர்லயே வீடு தேடுறேன், புரோக்கர் சொன்னாரு. பொட்டே இல்லைன்னதும் மனசு நிம்மதியாயிடுச்சு. சனிக்கிழமை என் ரெண்டு பிள்ளைங்களோட பார்க்க வர்றேன். காலையில பதினொண்ணா, சாயங்காலம் அஞ்சா?"

சனிக்கிழமை பௌர்ணமி. பதினொன்றுக்குக் கடல் எங்கள் வாசற்படியில் இருக்கும். ஐந்துக்கு இறங்கிப்போய், தெரு துடைத்துவிட்டதுபோலக் கிடக்கும்.

ஐந்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் தன் கைபேசியில் பிள்ளைகளின் படத்தைக் காட்டினாள். சின்னதற்கு மூன்று வயதுகூட இருக்காது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பதினொண்ணுக்கே வாம்மா. சின்னதை மட்டும் இடுப்புல தூக்கிக்கோ."

மேசைக்கடியில் ஆர்லீன் என் காலை ஓங்கி மிதித்தாள்.

அன்று காலை எங்கள் வாசலில் தண்ணீருக்குள் நின்ற அதே ரப்பர் பூட்ஸ். இன்னும் ஈரம் காயவில்லை.