தியேட்டரை எரித்தவர்கள்

“போர்ல நம்ம ஊர் தியேட்டரை எரிச்சது யாரு?” என்று கேட்டார் வரலாற்று ஆசிரியர் தாமிர்.

“அவங்க!” வகுப்பே கத்தியது.

“பேக்கரி மேல குண்டு போட்டது?”

“அவங்க!”

“அதையெல்லாம் மன்னிச்சு, ஒற்றுமையா வாழ நினைக்கிறது?”

“நாம!”

போஸ்னியாவிலேயே இவ்வளவு சூட்டிகையான பிள்ளைகள் கிடையாது என்று தாமிர் பூரித்துப்போனார். அடுத்த வகுப்பில் என்ன கேட்பது என்றுதான் தெரியவில்லை.

மாத்தேயா எழுந்தாள். “சார், அவங்ககூட நீங்க பேசியிருக்கீங்களா? எப்படி இருப்பாங்க?”

“பேசினா அப்படியே நம்மள மாதிரிதான் இருப்பாங்க. அதனாலதான் நாம உஷாரா இருக்கணும்.”

மணி அடித்தது. தாமிர் மாடியிறங்கி, போருக்குப் பிறகு பள்ளி முற்றத்தை இரண்டாகப் பிரித்துப் போட்ட கம்பிவேலியைச் சுற்றிக்கொண்டு, அதே கட்டடத்தின் இன்னொரு வாசலில் நுழைந்தார். அங்கே படிப்பவர்கள் அந்த ‘அவங்க’ வீட்டுப் பிள்ளைகள். அவர்களுடைய வரலாற்று ஆசிரியர் ஜெர்மனிக்கு வேலைக்குப் போய்விட்டதால், இன்று முதல் இரண்டு பக்கத்துக்கும் இவர்தான். தாமிர் என்ற பெயர் இரண்டு பக்கத்து ஆட்களும் வைத்துக்கொள்வது. அதனால் இரண்டு பக்கமும் அவரைத் தங்கள் ஆள் என்றே நம்பியது.

கரும்பலகை முன் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“போர்ல நம்ம ஊர் தியேட்டரை எரிச்சது யாரு?”

“அவங்க!” வகுப்பே கத்தியது.

“சபாஷ்!” என்றார் தாமிர். போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு பக்கத்துக்கும் எப்படிப் பாடம் நடத்துவது என்று ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தார் பாவம். ஒரு வார்த்தையைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.