பாதத்தோடு பாதம்

முதல் ஆளாக ஓடி வந்துகொண்டிருந்த அம்புரோஸ் இரண்டே தாவலில் ரோட்டைக் கடந்து நவரட்ணத்தின் எதிரில் பொத்தென்று உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்தில் வலது காலை நீட்டி, நவரட்ணத்தின் இடது பாதத்தோடு பாதம் வைத்து அழுத்தினார்.

“முட்டிய மடக்காதீங்க சார். கால நீட்டி, வெரல உங்க பக்கம் இழுங்க.”

நவரட்ணம் இழுத்தார். உயிர் போய்த் திரும்பியது.

பாயா ரும்புட் ஊரில் தமிழ்ப்பள்ளிக் கட்டட நிதிக்காக ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் பிரிவு. போய்த் திரும்பி அதே ரோட்டில் வர வேண்டும். அம்புரோஸ் திரும்பி வந்துகொண்டிருந்தார். நவரட்ணம் இன்னும் போய்க்கொண்டிருந்தார், அதுவும் நடந்து.

தூரத்திலேயே நவரட்ணத்துக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. மகள் உஷாந்தி கைப்பேசியில் காட்டிய முகம். அவள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் லியோனலின் அப்பா. முப்பது வருடம் லாரி ஓட்டியவர்.

அப்படிப்பட்டவர் முன்னால் நடந்து போக ஓய்வுபெற்ற அரசாங்க இன்ஜினியருக்கு மனம் வரவில்லை. ஓடினார். இருபதாவது அடியில் கெண்டைக்கால் சதை முடிச்சுப் போட்டுக்கொண்டது. ரோட்டோரப் புல்லில் சரிந்தார்.

இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்பதற்கு அவர் மூன்று காரணங்கள் வைத்திருந்தார். ஒன்று, அவர்கள் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர்கள். இரண்டு, ரப்பர் எஸ்டேட்டிலிருந்து வந்தவர்கள், தங்களைப்போலச் சிலோன்காரர்கள் இல்லை. மூன்றாவது அவருக்கே அடிக்கடி மறந்துவிடும். ஆனாலும் மூன்று என்றுதான் சொல்லிவந்தார். ஆறு மாதமாக உஷாந்தி அவரோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை.

“நான் ஆரெண்டு தெரியும்தானே?” என்றார் நவரட்ணம்.

“தெரியும் சார். அத அப்புறம் பேசலாம் லா. மொதல்ல அழுத்துங்க.” அம்புரோஸ் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். நெற்றி வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. “காலையில என்னா குடிச்சீங்க?”

“ரெண்டு கோப்பி.”

“கோப்பி தண்ணியில சேராது சார். வார்ம் அப் செஞ்சீங்களா?”

“கார் பார்க்கில இருந்து நடந்து வந்தனான்.”

இரண்டாவதாக ஓடி வந்தவர் வேகத்தைக் குறைத்தார். “என்னா அம்புரோஸ், உக்காந்துட்ட?”

“நீ போ லா.”

அவர் சந்தோஷமாகப் போனார். மூன்றாவது ஆள் போனார். நான்காவது ஆள் கையசைத்துவிட்டுப் போனார். நவரட்ணத்துக்குச் சதை இளகி, வலி வடிந்துவிட்டது.

“சரியாப் போச்சுது. நீங்க ஓடுங்கோ.”

“இருங்க.”

“உங்கட பரிசு போகுது.”

“போனா போவுது. கால மட்டும் எடுத்துறாதீங்க சார். கெஞ்சிக் கேக்கறேன்.”

நவரட்ணத்தின் கண் கலங்கியது. தன் காலுக்காக இன்னொருவர் கெஞ்சி அவர் பார்த்ததில்லை. போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்தபோது, சொந்த மச்சான் பாலேந்திரன் முதலில் போட்டோ எடுத்தான். பிறகுதான் தூக்கினான்.

தண்ணீர் கொடுக்கும் மேசையிலிருந்து உஷாந்தி இரண்டு பாட்டில்களோடு ஓடிவந்தாள். இரண்டு அப்பாக்களும் புல்லில் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் காலால் தள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றாள்.

“அப்பா, அங்கிள்கூட என்ன சண்டை?”

“சண்டை இல்லை. லியோனலுக்குப் போன் பண்ணு.”

“எதுக்கு?”

“தை மாசம் கலியாணத்தை வைக்கலாம் எண்டு சொல்லு.”

உஷாந்தி அம்புரோஸைப் பார்த்தாள். அம்புரோஸ் வானத்தைப் பார்த்தார்.

“வெயில் தலைக்கு ஏறிடுச்சா அப்பா? தண்ணி குடிங்க.”

“சுயபுத்தியோடதான் சொல்லுறன்.”

“சர்ச்சுலயா, கோயில்லயா?”

“ரெண்டிலயும் வை. சாப்பாடு ஒருக்காப் போட்டால் போதும்.”

அவள் பாட்டில்களைப் புல்லில் போட்டாள். அப்பாவின் வழுக்கைத் தலையில் ஒரு முத்தம் வைத்தாள். கைப்பேசியோடு மரத்தடிக்குப் போனாள்.

நவரட்ணம் தொண்டையைச் செருமிக்கொண்டார். “பந்தயத்தில முதல் ஆளா வந்தவர், சம்பந்தத்துக்கு மாட்டன் எண்ட ஒருத்தன்ர காலுக்காக ரோட்டில உக்காந்திட்டார். அவற்ற மகனை வேண்டாம் எண்டு சொல்ல நான் ஆர்? சொல்லுங்கோ சம்பந்தி.”

அம்புரோஸ் மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே உஷாந்தி அழுதாள், சிரித்தாள், தன் பெரியம்மாவுக்கும் போன் போட்டாள். வாட்ஸ்அப்பில் ஏதோ தட்டினாள். கைப்பேசியைப் பைக்குள் வைத்தாள்.

அதன் பிறகுதான் அம்புரோஸ் காலை மெல்ல விலக்கினார். பாதத்தை ஒருமுறை சுழற்றிப் பார்த்துக்கொண்டார்.

“இப்பச் சொல்லலாம் சம்பந்தி. எனக்குந்தான் கால் இழுத்துக்கிச்சு. முட்டுக் குடுக்க ஒரு காலு கெடைச்சா போதும்னு உக்காந்தேன்.”