நோட்டீஸுக்கு ஒரு நல்ல வார்த்தை

சண்முகவடிவு லிஃப்டின் தரையை அவசர அவசரமாகத் தேய்க்கிறாள். கதவு மூடிக்கொள்ளாமலிருக்க வாளியைக் குறுக்கே வைத்திருக்கிறாள். யாரோ நேற்று எடுத்த வாந்தி மூலையில் காய்ந்து, கண்ணாடி வரை தெறித்திருக்கிறது. ஃபினாயிலையும் மீறி மதுவும் புளித்த மசாலாவும் நாறுகின்றன. வீட்டு வேலைக்காரர்களில் ஒருவர்தான் என்று மும்பை செம்பூரின் இந்த அடுக்குமாடிக் குடியிருப்பு சொசைட்டியில் முடிவாகிவிட்டது. இனி அவர்களுக்குப் படிக்கட்டுதான். செயலாளர் கல்யாணராமன் சுவரில் காகிதத்தை வைத்து நோட்டீஸ் எழுதுகிறார். பொருளாளர் பானுமதி புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியபடி திருத்துகிறாள்.

“‘சர்வன்ட்ஸ்’னு எழுதாதீங்கோ சார், அசிங்கம். ‘டொமஸ்டிக் ஸ்டாஃப்’னு போடுங்கோ.”

“ஸ்டாஃப்னா நாளைக்கே பி.எஃப். கேப்பா. ‘ஹெல்ப்’ போதும்.”

“அப்போ ‘நாட் அலவ்ட்’ வேண்டாம், மூஞ்சில அடிச்சாப்ல இருக்கு. ‘கைண்ட்லி அவாய்ட்’.”

“கைண்ட்லின்னா கெஞ்சறாப்ல இல்லையோ?”

சண்முகவடிவு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுகிறாள். “ஆறு மாடி எப்படி சார் ஏறுவேன்? முட்டு தேஞ்சி போயிருக்குல்லா?”

“இரும்மா, உங்களுக்கு நல்ல வார்த்தையாத்தான் தேடிண்டிருக்கோம்,” என்கிறார் கல்யாணராமன், பேனாவை உதறியபடி.

அவள் துணியைப் பிழிகிறாள். வாளித் தண்ணீரில் ஒரு கறிவேப்பிலை மிதக்கிறது. இதே நாற்றமடித்த சட்டை ஒன்றை இன்று காலைதான் ஆறாவது மாடியில் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு வந்தாள். அது கல்யாணராமனின் சட்டை.